தொழிற்சாலை இடத்தில் செப்டிக் டேங்கும் நிலத்தடி நீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் ஷெட் போடுகிறவர்கள் பூமி வாங்கும்போது ரோடு அகலம், இ.பி. லைன், போரில் தண்ணீர் உண்டா என்று மூன்றைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆட்கள் வேலைக்கு வந்து கழிப்பறை ஓட ஆரம்பித்த பிறகுதான் நான்காவது கேள்வி வருகிறது: இந்தத் தண்ணீர் எங்கே போகும்? இந்தச் சந்தேகங்களை ஒரே மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். இங்கே பேசுவது கழிப்பறை, குளியலறைக் கழிவுநீர் பற்றி. சாயம், பிளேட்டிங் (உலோக முலாம்), நூலுக்குப் போடும் கஞ்சித் தண்ணீர் மாதிரி தொழிலில் வரும் கழிவு வேறு கதை. அதற்கும் ஒரு கேள்வி உள்ளே இருக்கிறது.

செப்டிக் டேங்க் கட்டிட்டா அதுக்குள்ளயே எல்லாம் சுத்தமாயிருமில்லீங்களா?

ஆகாது. டேங்க் செய்வது பாதி வேலைதான். கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியே போகும். அந்தத் தண்ணீர் பார்வைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தாலும் நோய்க்கிருமிகள் அதில் அப்படியே இருக்கும்.

மீதிப் பாதி வேலையை மண் செய்கிறது. சோக் பிட், அதாவது உறிஞ்சுகுழியிலிருந்து தண்ணீர் மெதுவாக மண்ணுக்குள் இறங்கும்போதுதான் கிருமிகள் வடிகட்டப்பட்டுச் சாகின்றன. அதனால் ‘இந்த இடம் செப்டிக் டேங்குக்கு ஆகுமா’ என்று கேட்டால், ‘இந்த மண் அந்த வேலையைச் செய்யுமா, செய்து முடிப்பதற்குள் தண்ணீர் நீர்மட்டத்தைத் தொட்டுவிடுமா’ என்றுதான் அர்த்தம்.

பக்கத்துக் கம்பெனிக்காரர் போட்டு பத்து வருஷமா நல்லாத்தான் ஓடுது. அதே அளவுல நாமளும் போட்டா போதாதுங்களா?

பக்கத்துக்காரரிடம் விசாரிப்பது நல்லது. ஆனால் அவருடைய அளவை அப்படியே எடுக்காதீர்கள். நம் பக்கத்தில் ஒரே ஐந்து ஏக்கருக்குள் மேட்டில் செம்மண் சரளையும், பள்ளத்தில் களிமண்ணும், ஒரு மூலையில் தரை மட்டத்திலேயே பாறையும் இருப்பது சாதாரணம். அவர் மேட்டில் இருந்து நீங்கள் தாழ்வில் இருந்தால், அவர் விட்ட தண்ணீர் உங்கள் பக்கம்தான் வருகிறது.

இன்னொன்று, ‘நல்லா ஓடுது’ என்றால் மேலே பொங்கவில்லை என்று மட்டும்தான் பொருள். பாறை வெடிப்பு வழியாக நேராகக் கீழே போய்க்கொண்டிருந்தாலும் மேலே பொங்காது. அவருடைய கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்த சீட்டு இருந்தால் வாங்கிப் பாருங்கள், அது பேசும்.

எந்த மண்ணு இதுக்கு நல்லதுங்க?

காங்கேயம், பெருந்துறைப் பக்கம் அதிகம் பார்க்கும் செம்மண் கலந்த சரளை, ஆறேழு அடி ஆழத்துக்காவது இருந்தால் நல்லது. தண்ணீர் இறங்கும், ஆனால் ஒரேயடியாக ஓடாது. சுத்த மணல் தண்ணீரை வேகமாக விட்டுவிடும். வடிகட்ட நேரம் கிடைக்காது.

உடுமலை, பல்லடம் பகுதிகளில் வரும் கரிசல்தான் பெரிய சோதனை. ஈரம் பட்டால் உப்பி மூடிக்கொள்ளும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். கரிசலுக்குக் கீழே பல இடங்களில் சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக் கல், படுகையாக வரும். அது உடைபட்டுப் பொறபொறவென்று இருந்தால் தண்ணீர் போகும், இறுகிப் பாளமாக இருந்தால் தட்டில் ஊற்றியது போல நிற்கும். மேலே இருந்து பார்த்து எதுவென்று சொல்ல முடியாது, தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

ஜேசிபி வச்சு ஒரு குழி தோண்டச் சொன்னீங்க. அதுல என்னத்தப் பார்க்கறது?

உறிஞ்சுகுழி வரப்போகும் இடத்திலேயே பத்தடி தோண்டுங்கள். குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம், பக்கம் சரியும். மேலே நின்றே ஒவ்வொரு அடுக்கும் எத்தனை அடியில் தொடங்குகிறது என்று எழுதுங்கள். பக்கெட்டில் வந்த மண்ணைக் கொஞ்சம் நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். திரியாக நீண்டு வளைந்தால் களி அதிகம், உருட்ட வராமல் உதிர்ந்தால் மணல், சரளை.

நிறத்தைக் கவனிப்பது மிக முக்கியம். ஒரே சீரான சிவப்பு அல்லது பழுப்பு என்றால் அந்த ஆழத்தில் வருடம் முழுக்கக் காற்று போய் வருகிறது. சாம்பல் நிறத்துக்கு நடுவே துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுத் திட்டுகள் இருந்தால், மழைக்காலத்தில் தண்ணீர் அதுவரை ஏறி நின்றிருக்கிறது. நீங்கள் தோண்டும் மே மாதத்தில் குழி எலும்பாய்க் காய்ந்திருக்கலாம், அந்தத் திட்டு மாறாது. குழியைச் சுற்றி வேலி கட்டி ஒரு ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் அடியில் ஊற்று கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தண்ணி ஊத்தி டெஸ்ட் பண்றதுன்னு சொல்றாங்களே, அது எப்படிங்க?

மண் எவ்வளவு வேகத்தில் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று அளப்பது அது. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 2470-இன் இரண்டாம் பகுதியில் முறை இருக்கிறது. கழிவுநீர் எந்த ஆழத்தில் மண்ணுக்குள் போகப்போகிறதோ அந்த ஆழத்துக்கு 10 செ.மீ.க்குக் குறையாத அகலத்தில் ஒரு துளை போட வேண்டும். கடப்பாரையும் மண்வெட்டியும் பட்ட இடம் பூசினாற்போல வழவழவென்று ஆகியிருக்கும். அதைக் கத்தியால் சுரண்டிவிட்டு, உதிர்ந்த மண்ணை அள்ளி, அடியில் 5 செ.மீ. பொடிச்சல்லி போடுங்கள். சல்லிக்கு மேல் 30 செ.மீ. நிற்கும்படி தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊற விடுங்கள்.

மறுநாள்தான் அளவு. தண்ணீர் 15 செ.மீ. நிற்கும்படி சரிசெய்து, துளைக்கு மேல் குறுக்கே ஒரு நேர்க்கட்டை வைத்து, அதிலிருந்து அளவுகோலைத் தொங்கவிட்டு 30 நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். ராத்திரி ஊற்றியது முழுக்க வற்றியிருந்தால், அரை மணிக்கொரு முறை நிரப்பி நான்கு மணி நேரம் பார்த்து, கடைசி அரை மணியின் இறக்கத்தை எடுக்க வேண்டும். அதைக்கொண்டு 2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் என்று கணக்கிடுங்கள். ஒரே துளையை நம்பாமல் மூன்று நான்கு இடத்தில் செய்யுங்கள்.

30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சுகுழி ஆகும். 30-க்கும் 60-க்கும் நடுவே என்றால் குழியை விட, ஆழமில்லாமல் நீளமாகச் சல்லி நிரப்பிய உறிஞ்சு வாய்க்கால் மேல். 60-ஐத் தாண்டினால் அந்த மண்ணை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

ஊற வைக்கற நாளை மிச்சம் பண்ணி, அன்னைக்கே அளந்தா என்ன?

கரிசலில் இதைச் செய்தவர்கள்தான் பிறகு அதிகம் கஷ்டப்படுகிறார்கள். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் தண்ணீர் ஊற்றினால் கடகடவென்று இறங்கும். அது வெடிப்புக்குள் போன தண்ணீர், மண் உறிஞ்சியது அல்ல. ஒரு ராத்திரி ஊறி மண் உப்பிய பிறகு அதே துளையில் தண்ணீர் அசையாமல் நிற்கும். தொழிற்சாலை ஓடும்போது அந்த மண் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கப்போகிறது. அதனால் ஈர மண்ணின் வேகம்தான் உண்மையான வேகம்.

நூறு பேர் வேலை செய்யறாங்க. எத்தனை பெருசு போடணும்?

குளியல் வசதி உள்ள தொழிற்சாலையில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர், இல்லாததில் 30 லிட்டர் என்பது கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. 100 பேருக்கு 4,500 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வரும் என்று வைத்தால் 3,600 லிட்டர். டேங்கில் இது ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை தங்க வேண்டும், சேறு சேரவும் தனியாக இடம் வேண்டும்.

உறிஞ்சுகுழிக்கு மேலே சொன்ன டெஸ்ட் எண் தேவை. 204-ஐ அந்த நிமிட எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் மண் பரப்பு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வாங்கும் என்று வரும். உங்கள் மண் 10 நிமிடம் என்றால் சுமார் 65 லிட்டர், அதாவது 3,600 லிட்டருக்கு 55 சதுர மீட்டர். 30 நிமிடம் என்றால் சுமார் 37 லிட்டர், 97 சதுர மீட்டர். இரண்டு மீட்டர் விட்டத்தில் மூன்று மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊறும் ஒரு குழியின் சுற்றுச்சுவர் ஏறக்குறைய 19 சதுர மீட்டர். ஆக முதல் மண்ணுக்கு மூன்று குழி, இரண்டாவதற்கு ஐந்து அல்லது ஆறு. ‘நூறு பேருக்கு ஒரு பிட்டு போதும்’ என்று வாய்க்கணக்கில் சொல்கிறவரிடம் இந்த வித்தியாசத்தைக் காட்டுங்கள். குழிகளை ஒட்டி ஒட்டி வைத்தால் எல்லாம் ஒரே மண்ணைத்தான் நனைக்கும், தள்ளி வையுங்கள்.

வெளியூர் பசங்க உள்ளேயே தங்கறாங்க. அதுக்கும் இதே கணக்குங்களா?

இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் வேறு, அங்கேயே குளித்துத் துவைத்துச் சமைப்பவர் வேறு. தங்குமிடத்துக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்று போடுவது வழக்கம். நாற்பது பேர் தங்கினாலே 5,400 லிட்டர் தண்ணீர், நூறு பேர் ஷிப்ட் பார்ப்பதைவிட அதிகம். பிளானில் ‘ஸ்டோர் ரூம்’ என்று காட்டிவிட்டுப் பின்னால் ஆட்களைத் தங்கவைக்கும் இடங்களில்தான் டேங்க் ஆறே மாதத்தில் பொங்குகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நமக்காக உழைக்கிறவர்கள் அந்த நாற்றத்துக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறார்கள். தங்கவைக்கப் போகிறோம் என்று தெரிந்தால் முதலிலேயே அதற்கென்று கணக்குப் போடுங்கள்.

எங்க போர்ல 600 அடிக்குக் கீழதான் தண்ணியே இருக்குது. பத்தடி சோக் பிட்டுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் பேரை ஏமாற்றுவதும் இதுதான். நம் பக்கம் கீழே இருப்பது நைஸ், சார்னோகைட், கிரானைட் வகைக் கடினப் பாறை. பாறைக்குள் தண்ணீர் எல்லா இடத்திலும் இருக்காது, வெடிப்புகளில்தான் ஓடும். மேலே சிதைந்த பாறையும் மண்ணும் சேர்ந்த அடுக்கு ஒன்று இருக்கிறது. மழைத்தண்ணீர் முதலில் அதில்தான் தங்கும், பழைய திறந்த கிணறுகள் அதிலிருந்துதான் ஊறின. அந்த அடுக்கிலிருந்து வெடிப்பு வழியாகக் கீழே இறங்கும் தண்ணீரைத்தான் போர் இழுக்கிறது. 600 அடி என்பது மோட்டார் எட்டிப்பிடிக்கும் ஆழம். வெடிப்பின் வாய் உங்கள் உறிஞ்சுகுழியின் அடியிலேயே இருக்கலாம்.

கழிவு கீழே இறங்க அதைவிட நேரடியான வழி கேசிங் பைப். போர் போடும்போது மண் சரியாமல் இருக்கக் கெட்டிப்பாறை வரும்வரை இந்தப் பைப்பை இறக்குவார்கள். பைப்புக்கும் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சிமெண்ட் பால் ஊற்றி அடைப்பது பெரும்பாலும் நடப்பதில்லை, மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். மேல்மட்டத்துக் கழிவு அந்தச் சந்து வழியாகவே இறங்கும். புதுப் போர் போட்டால் அந்த அடைப்பையும், வாயைச் சுற்றித் தரைக்கு மேல் ஓரடி உயரத்துக்குச் சிமெண்ட் மேடையையும் கேட்டு வாங்குங்கள். போர் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

நீர்மட்டம் எவ்வளவுன்னு எப்பப் பார்க்கணும்?

வடகிழக்குப் பருவமழை முடிகிற டிசம்பர், ஜனவரியில். கோடையில் அளந்த மட்டத்தை வைத்துக் கட்டினால், தீபாவளிக்கு அப்புறம் குழிக்குள் அடியிலிருந்து தண்ணீர் ஏறும். குழியின் அடிக்கும் அந்த உச்ச நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது 2 மீட்டர் மண் இருக்க வேண்டும். நீர்மட்டமே தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள் வந்தால் உறிஞ்சுகுழி என்ற பேச்சே இல்லை. காத்திருக்க நேரம் இல்லையென்றால் பக்கத்துத் திறந்த கிணற்றின் உட்சுவரைப் பாருங்கள். தண்ணீர் நின்ற மட்டத்தில் உப்புக் கறை வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். அதோடு குழியில் பார்த்த ஆரஞ்சுத் திட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் ஊரில் மழை மட்டும் கணக்கல்ல. கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடுகிறது, வழக்கமாக ஆகஸ்ட் 15-ல் தண்ணீர் விடுவார்கள். மழையே இல்லாவிட்டாலும் அதன் கசிவில் இருபக்கக் கிணறுகளும் ஏறும். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடக்கூடாது என்று விவசாயிகள் போராடியது இந்தக் கசிவை நம்பித்தான். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசனப் பகுதியிலும் முறை வைத்து விடும் தண்ணீர் வரும்போது இதே மாதிரி. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக வழி வந்திருக்கிறது. வெகுகாலம் வறண்டு கிடந்த குளத்தின் ஓரத்தில் உங்கள் பூமி இருந்தால், பழைய மண் அறிக்கையை நம்பாமல் குளம் நிறைந்த பிறகு ஒருமுறை மட்டம் பாருங்கள்.

கிணத்துக்கும் சோக் பிட்டுக்கும் எத்தனை அடி தள்ளணும்?

ஐ.எஸ். 2470 சொல்வது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி. மண் நன்றாக ஆழமாக இருக்கும் இடத்துக்கு அது சரி. ஆறடியிலேயே வெடித்த பாறை வந்துவிட்டால் 60 அடி என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும் தூரம், வெடிப்புக்குள் தண்ணீர் வடிகட்டாமலே போகும். அங்கே முடிந்த அளவு தூரம் தள்ளி, தாழ்ந்த பக்கத்தில் வையுங்கள். உங்கள் கிணற்றை மட்டும் பார்த்துவிட்டு வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் தோட்டத்துக் கிணற்றை மறந்துவிடாதீர்கள். அதைத்தான் அந்தக் குடும்பம் குடிக்கிறது.

பூமிக்கடியில தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு எப்படித் தெரியும்?

மேல்மட்டத் தண்ணீர் பொதுவாக நிலச்சரிவோடு பள்ளத்தை நோக்கித்தான் போகும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், சுற்றிலும் முக்கோணமாக அமைந்த மூன்று திறந்த கிணறுகளை எடுங்கள். மூன்றின் வாயிலும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்து ஒரே மட்டத்தைக் குறித்து, அந்தக் குறியிலிருந்து தண்ணீர் வரை கயிறு விட்டு ஒரே நாளில் அளவெடுங்கள். தண்ணீர் உயரமாக இருக்கும் கிணற்றிலிருந்து தாழ்வான கிணற்றுப் பக்கம் ஓட்டம். மோட்டார் ஓடாத விடிகாலையில் அளப்பது நல்லது. ஓடும்போது அளந்தால் மட்டம் பொய் சொல்லும். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் இதற்கு உதவ மாட்டார்.

டேங்குக்கு அடியில காங்கிரீட் போடாம விட்டா நெறையவே நெறையாதுன்னு மேஸ்திரி சொல்றாருங்க.

நிறையாதது உண்மை. எல்லாம் பூமிக்குள் போய்விடுகிறது, அதனால் நிறையவில்லை. முதல் பதிலில் சொன்ன படிதல், மிதத்தல் எதுவும் நடக்காமல் பச்சையாகவே கழிவு இறங்கும். டேங்க் என்றால் அடியும் சுவரும் நீர் கசியாமல் இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் கரிக்கோட்டால் குறித்து, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இறங்கியிருந்தால் மறுபடி பூசச் சொல்லுங்கள். பில் பணம் முழுசாகக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

காஞ்சு போன போர் ஒண்ணு சும்மா கிடக்குது. அதுல விட்டுட்டா பிரச்சினை முடிஞ்சுதில்ல?

தயவுசெய்து செய்யாதீர்கள். 1974-ஆம் வருடத்துத் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு கிணற்றிலோ நீரோடையிலோ மாசை விடுவதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் நிலத்தடி நீரும் நீரோடைக்குள் அடங்கும். சட்டத்தை விடுங்கள். காய்ந்த போர் என்பது மண் என்ற வடிகட்டியை முழுசாகத் தாண்டி வெடிப்புக்குள் நேராக இறங்கும் குழாய். அதில் போனது எந்த ஊர்க் கிணற்றில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, திரும்ப எடுக்கவும் முடியாது. அந்தப் போரை மூடி போட்டு அடையுங்கள், குழந்தைகள் விழாமலும் இருக்கும்.

கேன்டீன் தண்ணி, ஆர்.ஓ. வேஸ்ட், சாப்ட்னர் கழுவின தண்ணி... எல்லாத்தையும் ஒரே டேங்குல விடலாங்களா?

கேன்டீன் தண்ணீரை எண்ணெய்ப் பொறித் தொட்டி ஒன்று கட்டி அதன் வழியாக விடலாம். அந்தத் தொட்டியை அடிக்கடி வழிக்கவில்லை என்றால் எண்ணெய் போய் உறிஞ்சுகுழியின் மண்ணை மெழுகிவிடும்.

சாப்ட்னர், அதாவது தண்ணீரின் கடினத்தை நீக்கும் கருவியின் கழிவை விடவே கூடாது. நம் போர்த் தண்ணீர் கடினம் என்பதால் பாய்லருக்கும் டையிங்குக்கும் சாப்ட்னர் இல்லாத இடம் குறைவு. அதை உப்புக் கரைசலால் கழுவும்போது வரும் சோடியம், களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து நுண்துளைகளை அடைத்துவிடும். நன்றாக உறிஞ்சிக்கொண்டிருந்த குழி நின்றுபோனதற்குக் காரணம் தேடினால் பல இடங்களில் இந்தக் குழாய்தான் கிடைக்கிறது. ஆர்.ஓ. கழிவும் உப்புத்தான், அதையும் தனியாகப் பிரியுங்கள்.

சாயம், பிளேட்டிங், ஆசிட் கழுவல், தேங்காய் நார் ஊறவைத்த தண்ணீர் எதையும் ஒரு சொட்டுகூடச் செப்டிக் டேங்கில் விடக்கூடாது. அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லும் தனிச் சுத்திகரிப்பு வேண்டும். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் நடந்ததை நாம் பார்த்தோம். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, சுற்றுக் கிணறுகள் உப்பேறி, கடைசியில் 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கரையோர வயல்களில் விளைச்சல் போன குடும்பங்களை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியை லேசாகக் கேட்க மாட்டார்கள்.

டிடிஎஸ் மீட்டர்ல 400 தான் காட்டுது. தண்ணி நல்லாத்தானே இருக்குது?

டிடிஎஸ் கரைந்த உப்பின் அளவை மட்டும் காட்டும். மலக்கிருமி இருந்தாலும் 400 தான், இல்லாவிட்டாலும் 400 தான். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி என்னும் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. அதை ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம். கிருமிச் சோதனைக்குக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த பாட்டில் வேண்டும், ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்தால் பாட்டிலின் கிருமிதான் ரிப்போர்ட்டில் வரும்.

ரிப்போர்ட்ல நைட்ரேட் 80-ன்னு வந்திருக்குது. கொதிக்க வச்சுக் குடிச்சாப் போச்சுங்களா?

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் அடர்த்தி இன்னும் ஏறும். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதற்கு மேல் தளர்வே கிடையாது. கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் கரைத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாயலாம். தங்குமிடத்தில் குழந்தை உள்ள குடும்பங்கள் இருந்தால் உடனே வேறு தண்ணீர் கொடுங்கள்.

நைட்ரேட் செப்டிக் டேங்கிலிருந்துதான் வந்தது என்று உடனே முடிவு கட்டவும் முடியாது. உரமும் கோழிப்பண்ணை எருவும்கூடக் காரணமாகலாம், நாமக்கல் பக்கம் இதை நினைவில் வையுங்கள். ஓட்டத்துக்கு மேல்பக்கக் கிணறு ஒன்று, கீழ்பக்கக் கிணறு ஒன்று என்று இரண்டையும் ஒரே நாளில் பரிசோதியுங்கள். கீழ்ப்பக்கம் மட்டும் நைட்ரேட், குளோரைடு, ஈ.கோலி மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தால் நடுவில் இருக்கும் உங்கள் குழியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பழைய பேக்டரியை அப்படியே வாங்கறோம். இதுல எதைப் பார்க்கணும்?

முன்னால் அங்கே என்ன ஓடியது என்பதை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பழைய அனுமதி ஆணையை விற்பவரிடம் கேளுங்கள், அதில் தொழிலும் கழிவின் அளவும் இருக்கும். அப்புறம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வருடம் எந்த நிறத்தில் தண்ணீர் வந்தது என்று அவருக்குத் தெரியும்.

இடத்தைச் சுற்றும்போது புல் முளைக்காத திட்டு, கருப்பு வார்ப்பு மணல் கொட்டிச் சமன் செய்த இடம், எண்ணெய் ஊறிய தரை, கிணற்றுச் சுவரில் மஞ்சளோ நீலமோ படிந்த கறை எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். பரிசோதனையை அந்தத் தொழிலுக்கு ஏற்றபடி கேளுங்கள்: பிளேட்டிங் என்றால் குரோமியம், நிக்கல், சயனைடு, சாயம் என்றால் டிடிஎஸ், குளோரைடு, சோடியம், ஒர்க்‌ஷாப் என்றால் எண்ணெய். பழைய செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாவிட்டால், கழிப்பறைக் குழாயிலிருந்து தேடிக் கண்டுபிடியுங்கள். அதன் மேலேயே புது மிஷினுக்கு பவுண்டேஷன் போட்டுவிடக் கூடாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

எங்களுது சுத்தக் கரிசல், நாலடில பாறை வேற. அப்ப கட்டவே முடியாதுங்களா?

கட்டலாம், மண்ணுக்குள் விட முடியாது, அவ்வளவுதான். டேங்குக்கு அடுத்து சல்லி நிரப்பிய, கீழிருந்து மேலாகத் தண்ணீர் ஏறும் வடிகட்டித் தொட்டி கட்டலாம். மண்ணைக் கொண்டுவந்து மேடு போட்டு அதற்குள் உறிஞ்சு வாய்க்கால் அமைக்கலாம். ஆட்கள் அதிகம் என்றால் சிறிய சுத்திகரிப்பு நிலையமே நல்லது. சுத்தம் செய்த தண்ணீரைக் கழிப்பறை பிளஷுக்கும் மரங்களுக்கும் விட்டால் லாரித் தண்ணீர் செலவு குறையும். எதைத் தேர்ந்தாலும் கட்டுவதற்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி விண்ணப்பத்தில் அதைக் காட்டுங்கள்.

ஷெட் கூரைத் தண்ணியை சோக் பிட்டுக்குப் பக்கத்துலயே ரீசார்ஜ் பண்ணிக்கலாமுங்களா?

கூடாது. பத்தாயிரம் சதுர அடிக் கூரையில் 600 மி.மீ. மழை பெய்தால் ஐந்தரை லட்சம் லிட்டர். அதை உறிஞ்சுகுழிக்குப் பக்கத்தில் இறக்கினால், மழைக்காலத்தில் அந்த மண் முழுக்க நனைந்து கழிவுநீர் மேலே வரும். கீழே போவதும் வடிகட்டாமல் வேகமாகப் போகும். கூரைத்தண்ணீர் சேகரிப்பு மேல்பக்கத்தில், உறிஞ்சுகுழி கீழ்பக்கத்தில் என்று பிரித்துவிடுங்கள். அதில் பாதியைத் தொட்டியில் பிடித்து வைத்தாலும் நல்ல தண்ணீர்.

டேங்கை எப்ப எடுக்கணும்? ஆளை இறக்கி சுத்தம் பண்ணலாமா?

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, உரிமம் பெற்ற லாரியை வைத்து உறிஞ்சி எடுங்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் என்று சொல்ல வேண்டும், பள்ளத்தில் என்றால் வேறு லாரி கூப்பிடுங்கள்.

ஆளை இறக்கவே கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் வருடத்துச் சட்டப்படி அது குற்றம். அதற்கும் முன்னால், உள்ளே தேங்கியிருக்கும் விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குபவரும் செத்துப்போவார். ஒரு சங்கதி மேற்கொண்டு: நீர்மட்டம் உயர்ந்த காலத்தில் டேங்கை முழுசாகக் காலி செய்தால் சுற்றுத் தண்ணீர் அதை அடியிலிருந்து தூக்கும். பைபர், பிளாஸ்டிக் டேங்க் என்றால் மிதந்தே மேலே வந்துவிடும். கோடையில் எடுத்துவிட்டு உடனே கொஞ்சம் தண்ணீர் நிரப்புங்கள்.

எல்லாம் கட்டி முடிஞ்சுது, ஆளும் வந்தாச்சு. இப்பப் போர்த்தண்ணி நாறுதுங்க. என்ன பண்றது?

இன்றே குடிப்பதை நிறுத்தி வேறு தண்ணீர் கொடுங்கள். மேலே சொன்னபடி மாதிரி எடுத்து அனுப்புங்கள். ரிப்போர்ட் வரும்வரை சும்மா இருக்காமல் உறிஞ்சுகுழிக்குப் போகும் குழாயை அடைத்து, டேங்க் நிறைய நிறைய லாரியில் எடுங்கள். செலவாகும், வேறு வழி இல்லை. பிறகு டேங்க் கசிகிறதா என்ற கரிக்கோடு சோதனை, போர் வாயில் கேசிங் சந்து, குழிக்கும் போருக்கும் உள்ள தூரம் என்று வரிசையாகப் பாருங்கள்.

போரில் பிளீச்சிங் பவுடர் போட்டால் சரியாகும் என்பார்கள். கழிவு வரும் வழியை அடைக்காமல் போட்டால் இரண்டு நாளில் பழையபடி ஆகும். வழியை அடைத்து, குழியை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு குளோரின் போட்டு, வாசனை போகும்வரை ஓட்டிவிட்டு, மறுபடி பரிசோதித்து ஈ.கோலி இல்லை என்று வந்த பிறகே குடிக்கக் கொடுங்கள். கீழ்பக்கத் தோட்டத்துக்காரருக்கும் முதல் நாளே சொல்லி, அவர் கிணற்றுத் தண்ணீரையும் உங்கள் செலவிலேயே பரிசோதித்துக் கொடுங்கள்.